மடிகூரைக் காரும் வெண்பனிக் காலமும்

கூரையை மடித்துத் திறந்துவிடக்கூடிய சிறிய கார் ஒன்றை வாங்கி, வெண்பனி பொழியும் நாட்டில் ஆண்டு முழுவதும் நாளாந்தப் போக்குவரத்துக்குப் பயன்படுத்தலாமா? கனடாவிலும் நோர்வேயிலும் ஜேர்மனியிலும் வாழும் நம்மவர்களின் பிள்ளைகள் பெற்றோரிடம் கேட்கும் கேள்விகளுள் இதுவும் ஒன்று. பெற்றோரின் பதில் பெரும்பாலும் இரண்டு சொற்களில் முடிந்துவிடும்: "விசர் வேலை." பிள்ளையோ கோடைகாலக் கனவொன்றை நெஞ்சில் சுமந்துகொண்டு நிற்கும்.

இதனை வேடிக்கைக் கேள்வியென ஒதுக்கிவிட இயலாது. விடியுமுன்னர் தொழிற்சாலை வேலைக்குப் புறப்பட வேண்டிய ஒருவருக்கு, வீட்டிலுள்ள ஒரே வாகனம் அதுவாக இருப்பின், இது தொழில் பற்றிய கேள்வியாகிறது. வழுக்கும் வீதியில் உயிர் பற்றிய கேள்வியாகிறது. பல ஆண்டுகள் தவணைப் பணம் கட்டப்போகும் கேள்வியும் ஆகிறது. இவ்வாறான விடயங்களில் ஊகத்தைவிட வரலாறு நல்ல ஆலோசகர் என்பது நீண்டகாலப் பத்திரிகைப் பணி எனக்குக் கற்பித்த பாடம். மோட்டார் வாகன வரலாற்றைப் புரட்டிப் பார்க்கும்போது ஓர் உண்மை புலனாகின்றது. இவ்வகைக் காரைப் பற்றி எல்லோரும் முதலில் அஞ்சுவது கூரையை. ஆனால் கூரையின் குறைகள் ஏறத்தாழ முற்றாகத் தீர்க்கப்பட்டுவிட்டன. எவரும் அதிகம் எண்ணிப் பார்க்காத வேறு மூன்று விடயங்களே இன்று இக்கேள்விக்கு விடை சொல்கின்றன.

எல்லாக் கார்களும் திறந்திருந்த காலம்

1886 ஆம் ஆண்டில் கார்ல் பென்ஸ் காப்புரிமை பெற்ற மூன்று சில்லு வாகனத்துக்குக் கூரையே இல்லை. அதனைத் தொடர்ந்து வந்த முப்பது ஆண்டுகளுக்கு மேலாக, கார் என்றாலே திறந்த வண்டிதான். மழை வந்தால் இழுத்து மூடுவதற்குக் கன்வஸ் துணி இருக்கும். பக்கங்களில் தொங்கவிடத் திரைகள் இருக்கும். முற்றாக மூடிய கார் செல்வந்தரின் பொருளாகவே இருந்தது. 1910 இல் கடிலாக் நிறுவனம் பிஷர் சகோதரர்களிடம் 150 மூடிய உடற்பகுதிகளுக்குக் கட்டளை கொடுத்தமை அக்காலத்தில் பெரிய செய்தி.

அமெரிக்காவின் வடபகுதியிலும் கனடாவிலும் வெண்பனிக் காலம் வந்ததும் பலர் காரைக் கட்டைகளின் மேல் ஏற்றிவைத்துவிட்டு, இளவேனில் வரும்வரை குதிரை வண்டியையும் ரயிலையும் நாடினர். இதற்குக் காரணம் கூரை மாத்திரமன்று. இயந்திரத்தைக் குளிர்விக்கும் நீர் உறைந்து இயந்திரத்தையே வெடிக்கச் செய்துவிடும். அதனால் இரவுதோறும் நீரை வெளியேற்றுவோரும் உளர். நீருடன் மதுசாரம் கலப்போரும் உளர். எத்திலீன் கிளைக்கோல் அடங்கிய உறைதடுப்புத் திரவம் 1927 இல்தான் பிறெஸ்டோன் என்ற பெயரில் சந்தைக்கு வந்தது. வீதிகளிலும் பனி அகற்றப்படுவது அரிதாகவே இருந்தது.

இந்நிலையைப் புரட்டிப்போட்டது டெட்ரோயிட் நகரின் ஹட்சன் நிறுவனம். 1921 இன் பிற்பகுதியில் அது எசெக்ஸ் என்ற பெயரில் மூடிய கார் ஒன்றை 1,495 டொலருக்கு விற்பனைக்கு விட்டது. அதே வகைத் திறந்த காரைவிட விலை 300 டொலர் மாத்திரமே அதிகம். 1925 இல் அதன் விலை 895 டொலராக இறங்கியது. திறந்த காரைவிட மூடிய கார் 5 டொலர் மலிவாயிற்று! ஜெனரல் மோட்டோர்ஸ் நிறுவனத்தை நெடுங்காலம் வழிநடத்திய அல்பிரட் ஸ்லோன் தரும் கணக்கின்படி, அமெரிக்காவில் விற்பனையான கார்களுள் மூடியவை 1919 இல் பத்து வீதமளவில் இருந்தன; 1924 இல் 43 வீதம்; 1927 இல் 85 வீதம். எட்டே ஆண்டுகளில் ஒரு நாட்டின் பழக்கம் தலைகீழாயிற்று.

இங்கு நாம் கவனிக்க வேண்டியது ஒன்றுண்டு. மக்கள் திறந்த காரை விரும்பிக் கைக்கொள்ளவில்லை. மூடிய காரின் விலை கைக்கெட்டாத காரணத்தால் பொறுத்துக்கொண்டனர். விலை ஒன்றானதும் கைவிட்டனர். ஆகவே நாளாந்த வாகனமென்ற வகையில் திறந்த கார் முதற் சுற்றில் தோற்றுவிட்டது என்பதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். அதன் பின்னர் அது விருப்பத்தின் பொருளாயிற்று.

பிரித்தானியரின் பிடிவாதம்

விருப்பத்தை வியாபாரமாக்கியவர்கள் பிரித்தானியர். இரண்டாம் உலகப் போரின் பின்னர் அந்நாட்டுக்கு டொலர் தேவைப்பட்டது. அபிங்டன் நகரிலிருந்த எம்.ஜி. தொழிற்சாலை, 1945 முதல் 1949 வரை 10,000 டி.சி. ரகக் கார்களைச் செய்தது. அவற்றுள் சுமார் 2,000 கார்கள் அமெரிக்காவுக்குச் சென்றன. அமெரிக்காவில் வீதியின் வலப்பக்கமாக ஓட்டுவர். இக்காரிலோ சுக்கானும் வலப்பக்கமே. கதவுகளில் கண்ணாடி கிடையாது. மழைக்குப் பொருத்தும் பக்கத் திரைகள் மாத்திரமே உண்டு. வெப்பமூட்டியும் கிடையாது. அப்படியிருந்தும் அமெரிக்கர் அதன்மேல் மோகங்கொண்டனர்.

கதவில் ஏற்றி இறக்கும் கண்ணாடிகள் போருக்குப் பின்னரான எம்.ஜி. திறந்த விளையாட்டுக் கார்களுக்கு 1962 இல் வந்த எம்.ஜி.பி. ரகத்துடன்தான் கிடைத்தன. குளிரும் ஈரமும் நிறைந்த ஒரு நாட்டிலிருந்து இவ்வாறான வண்டிகள் புறப்பட்டமை விந்தையே. ஆயினும் அவர்களது எண்ணம் வேறு. குளிரைக் கம்பளி உடுப்பால் வெல்ல வேண்டும், கூரையால் அல்ல என்பது அவர்கள் கொள்கை.

இலங்கையில் நாம் அறிந்த பிரித்தானியக் கார் மொறிஸ் மைனர். 1948 இல் அது வெளியானபோதே மடிகூரையுடன் கூடிய ரூறர் ரகமும் உடன் வந்தது. அதே வடிவமைப்புக்கு எங்கள் ஊரில் வெயிலும் சோளக மழையும்தான் சோதனை. ஒட்டாவாவில் மறை இருபது பாகைக் குளிரில், உறைந்த துணியை மடிக்க முற்பட்டால் அது வெடித்துக் கிழியும். ஒரு பொருள் நல்லதா என்ற கேள்விக்கு, எந்த ஊரில் என்ற எதிர்க்கேள்வி எப்போதும் உண்டு.

கூரை வென்ற கதை

வடநாட்டார் இதனை வேறு விதமாக அணுகினர். ஜேர்மனியின் ஒஸ்னாபுரூக் நகரிலிருந்த கார்மன் நிறுவனம் 1949 இல் வொக்ஸ்வாகன் வண்டுக் காருக்கு மடிகூரை செய்யத் தொடங்கியது. அது பல அடுக்குகளுடன் உள்ளே திணிப்பு வைத்த தடித்த கூரை. பின்புறச் சாளரம் உண்மையான கண்ணாடி. இயந்திரம் காற்றால் குளிர்வது. எனவே உறைவதற்கு நீரே இல்லை. இயந்திரம் பின்புறத்தில், உந்தும் சில்லுகளின் மேலேயே அமர்ந்திருந்ததால் பனியிலும் பிடிப்பு நன்றாக இருந்தது. 1980 வரை 3,30,000 க்கும் அதிகமான கார்கள் இவ்வாறு செய்யப்பட்டன. அதன் வெப்பமூட்டி வலுவற்றது என்ற குறை இருந்தது உண்மை. ஆயினும் மூடிய காருக்கு நிகரான மடிகூரை இயலும் என்பதை அது நிறுவியது.

இன்னும் வலுவான சான்று சுவீடனிலிருந்து வருகிறது. அந்நாட்டின் சாப் நிறுவனம் 1986 இல் 900 ரக மடிகூரைக் காரின் உற்பத்தியைத் தொடங்கியது. அமெரிக்கக் கிளையின் வற்புறுத்தலே இதற்கு உந்துதல். மூன்று அடுக்குக் கூரை, மின்கம்பிகளால் சூடாகும் பின்கண்ணாடி, முன்சில்லு இயக்கம் ஆகியவை அதன் சிறப்புகள். அக்கார்கள் பொருத்தப்பட்ட இடம் எது தெரியுமா? பின்லாந்தின் ஊசிகௌபுங்கி நகரம்! சாப் கார் நிறுவனம் 2011 இல் முறிந்துபோயிற்று. ஆயினும் பனிநாட்டவர் பனிநாட்டில் செய்த மடிகூரைக் கார் என்ற புகழ் அதற்கு நிலைத்துவிட்டது.

துணியே வேண்டாமென எண்ணியவர்களும் உளர். உலோகக் கூரை முழுவதையும் பின்புறப் பெட்டிக்குள் மடித்து வைக்கும் பொறியை முப்பதுகளில் வடிவமைத்தவர் பிரான்சு நாட்டவரான ஜோர்ஜ் போலான். அவர் தொழிலால் பல் வைத்தியர்! 1934 இல் பெஜோ 401 காரில் அது இடம்பெற்றது. பின்னர் நாசி ஆக்கிரமிப்பை எதிர்த்த தலைமறைவு இயக்கத்தில் இணைந்த அவரை, ஜேர்மனியர் 1942 மார்ச்சில் சுட்டுக் கொன்றனர். அவரது சிந்தனை போர்ட் நிறுவனத்தால் 1957 முதல் 1959 வரை பெரிய காரொன்றில் கையாளப்பட்டது. 1996 இல் மெர்சிடிஸ் எஸ்.எல்.கே. வழியாக மீண்டும் பரவியது. 2000 ஆம் ஆண்டில் பெஜோ 206 சிசி மூலம் சிறிய காருக்கும் வந்து சேர்ந்தது.

இக்கதையின் உச்சம் ஜப்பானில் நிகழ்ந்தது. அதனைத் தொடக்கிவைத்தவர் எமது தொழிலைச் சார்ந்த ஒருவர் என்பதில் எனக்குச் சிறு மகிழ்ச்சி. பொப் ஹோல் என்ற அமெரிக்க மோட்டார் பத்திரிகையாளர், 1979 இல் மஸ்டா நிறுவனத்தின் ஆய்வுப் பொறுப்பாளர் கெனிச்சி யமமோட்டோவைச் சந்தித்தபோது, அடுத்து என்ன கார் செய்யலாமென அவர் கேட்டார். பழைய பிரித்தானியப் பாணியில் எளிய, சிறிய திறந்த கார் செய்யுங்கள் என்றார் ஹோல். அப்போது அவ்வகைக் கார்கள் அழிந்துகொண்டிருந்தன. கடிலாக் தனது மடிகூரைக் காரை 1976 இல் நிறுத்தியிருந்தது. அபிங்டன் தொழிற்சாலை 1980 இல் மூடப்பட்டது.

பத்தாண்டுகளின் பின், 1989 பெப்ரவரியில், சிக்காகோ நகரக் கண்காட்சியில் மஸ்டா எம்.எக்ஸ்-5 மியாட்டா வெளியாயிற்று. வெண்பனிக்குப் பெயர்போன நகரம். அதுவும் குளிர்காலத்தின் நடுவில்! 1.6 லீற்றர் இயந்திரம், ஆயிரம் கிலோகிராமுக்கும் குறைந்த எடை, பின்சில்லு இயக்கம். ஆசனத்தில் இருந்தபடியே ஒரு கையால் மூடக்கூடிய கூரை. 2016 இல் பத்து இலட்சமாவது கார் வெளிவந்தது. இன்று ரொறன்ரோவிலோ ஒஸ்லோவிலோ சிறிய மடிகூரைக் கார் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் இதனை மனத்திற்கொண்டே பேசுகின்றனர்.

இக்காரிலும் கூரை படிப்படியாகத் திருந்தியது. முதலாம் தலைமுறையின் பின்சாளரம் பிளாஸ்ரிக். கடுங்குளிரில் அதனை மடித்தால் வெடிக்கும். 1998 இல் வந்த இரண்டாம் தலைமுறைக்குச் சூடாகும் கண்ணாடி கிடைத்தது. 2006 இல் மடியும் வன்கூரையும் வந்தது. சிறிய உட்பகுதி ஆகையால், வெப்பமூட்டி அதனைப் பெரிய காரைவிட விரைவாகவே சூடாக்கிவிடும். ஆக, குளிர் என்ற குற்றச்சாட்டிலிருந்து கூரையை நாம் விடுதலை செய்துவிடலாம்.

முதலாவது விடயம்: ரயர்

வழுக்கும் வீதியில் காரை நிறுத்துவது ரயர். இதனை முதலில் உணர்ந்து செயற்பட்டவர்களும் பின்லாந்து நாட்டவரே. அங்கிருந்த இறப்பர் நிறுவனமொன்று 1934 இல் லொறிகளுக்கான குளிர்கால ரயரைச் செய்தது. 1936 இல் ஹக்கபெலீட்டா என்ற பெயரில் கார்களுக்கும் கொண்டுவந்தது. கோடைக்கால ரயரின் இறப்பர் ஏறத்தாழ 7 பாகை செல்சியசுக்குக் கீழே இறுகத் தொடங்கும். விளையாட்டுக் கார்களுக்குப் பூட்டப்படும் அகன்ற கோடை ரயர் உறைபனியில் கல்லைப்போல் வழுக்கும். கியூபெக் மாகாணம் 2008 டிசம்பர் முதல் குளிர்கால ரயரைச் சட்டமாக்கியது. ஒன்ராறியோவில் கட்டாயமில்லை, ஆயினும் அதனைப் பூட்டுவோருக்கு 2016 முதல் காப்புறுதி நிறுவனங்கள் கழிவு வழங்க வேண்டும்.

முன்சில்லு இயக்கக் காரில் இயந்திரத்தின் பாரம் உந்தும் சில்லுகளின் மேல் அமர்கிறது. மியாட்டாவில் எடை முன்னும் பின்னும் ஏறத்தாழச் சமம். ஆதலால் புறப்படும்போது பிடிப்புச் சற்றுக் குறைவு. வளைவில் அவசரப்பட்டால் பின்புறம் விலகிச் சுழலும். இதனைத் தடுக்கும் இலத்திரனியல் நிலைப்படுத்தி, 1995 இல் மெர்சிடிஸ் காரில் அறிமுகமாகி, அமெரிக்காவிலும் கனடாவிலும் 2011 செப்டெம்பர் முதல் எல்லாப் புதிய கார்களுக்கும் கட்டாயமாயிற்று. தொண்ணூறுகளின் மியாட்டாவில் அது கிடையாது. மலிவாகக் கிடைக்கின்றதென்று பழைய கார் தேடும் இளைஞர் இதனை நன்கு நினைவில் வைத்தல் வேண்டும்.

இரண்டாவது விடயம்: உப்பு

வீதிக்கு உப்பிடும் வழக்கத்தை அமெரிக்காவில் பொதுக் கொள்கையாக முதலில் ஏற்றது நியூ ஹாம்ஷயர் மாநிலம். 1941-42 குளிர்காலத்தில் அந்நாடு முழுவதிலும் நெடுஞ்சாலைகளில் இட்ட உப்பு சுமார் 5,000 தொன். எழுபதுகளில் அது ஆண்டுக்கு ஒரு கோடித் தொன் அளவை எட்டியது. வீதி திறந்தது, கார்கள் கறள் பிடித்தன.

கறள் எல்லாக் காரையும் தின்னும். ஆனால் மடிகூரைக் காரைத் தின்னும்போது அதன் முதுகெலும்பையே தின்கின்றது. மூடிய காரில் கூரையும் தூண்களும் உடற்பகுதியின் வலிமையில் பங்கேற்கின்றன. திறந்த காரில் அப்பங்கு முழுவதும் தரைத் தகட்டின் மேலும், கதவுகளுக்குக் கீழே ஓடும் பக்கச் சட்டங்களின் மேலும் விழுகிறது. உப்புச் சேறு வந்து படிவதும் அதே இடத்தில்தான். மியாட்டாவில் இன்னொரு சிக்கலும் உண்டு. கூரையில் விழும் நீர் ஆசனங்களுக்குப் பின்னுள்ள குழாய்கள் வழியே வடியும். சருகால் அத்துளைகள் அடைபட்டால் நீர் உள்ளே தேங்கும். சட்டம் வெளியிலிருந்து உப்பாலும் உள்ளிருந்து ஈரத்தாலும் அரிபடும்.

கூரையின்மை குளிரில் நம்மை வருத்துகின்றதோ இல்லையோ, கறளில் கட்டாயம் வருத்தும். காரை வாங்குமுன் கதவுக்குக் கீழுள்ள சட்டத்தை, பின்சில்லுக்கு முன்னால், கையால் தட்டிப் பார்க்க வேண்டும். வர்ணம் பூசி மறைத்த கறள் ஓசையில் காட்டிக்கொடுக்கும்.

மூன்றாவது விடயம்: நிலத்துக்கும் காருக்கும் இடைவெளி

இச்சிறு கார்களின் அடிப்பாகத்துக்கும் வீதிக்கும் இடைவெளி ஒரு சாண்கூட இராது. அகற்றிய வீதியில் இது ஒரு பொருட்டன்று. ஆனால் இரவு முழுவதும் பொழிந்த பனியை அதிகாலையில் பனியகற்றும் வண்டி தள்ளிக்கொண்டு போகும்போது, வீட்டு வாசல்தோறும் முழங்கால் உயர வரம்பொன்றை விட்டுச் செல்லும். உயரமான கார் அதனை ஏறிக் கடக்கக்கூடும். சிறிய காரோ அதன்மேல் வயிறு தட்டி, சில்லுகள் அந்தரத்தில் சுழல நின்றுவிடும். அப்போது நல்ல ரயரும் உதவாது; மண்வெட்டிதான் உதவும். இதற்கு எந்தப் பொறியியலாளரும் இதுவரை மருந்து கண்டதில்லை.

என் துணிபு

இவற்றையெல்லாம் சீர்தூக்கிப் பார்க்குமிடத்து, "விசர் வேலை" என்ற தீர்ப்பு முழு உண்மையன்று. பெருநகரில் வாழ்பவர், பிரதான வீதிகள் விரைவில் துப்புரவாகும் வழியில் வேலைக்குச் செல்பவர், கூரையுள்ள தரிப்பிடம் உடையவர், கடும் பனிப்புயல் நாளில் ரயிலிலோ பேருந்திலோ வீட்டிலுள்ள மற்றைய காரிலோ செல்லக்கூடியவர் ஆயின், அவர் தாராளமாக வாங்கலாம். நான்கு குளிர்கால ரயர்களுக்கும், ஆண்டுதோறும் அடிப்பாகத்துக்குக் கறள் தடுப்பு எண்ணெய் தெளிப்பதற்கும் ஆகும் பணத்தைக் காரின் விலையோடு சேர்த்தே கணக்கிடுதல் வேண்டும். அக்கூட்டுத்தொகை கைக்கு மீறுமாயின் கார் கைக்கு மீறியது என்பதே பொருள்.

நகருக்கு வெளியே, கடைசியாக உழப்படும் வீதியில் வாழ்பவருக்கும், வேலைக்கு ஒரு நாளேனும் போகாதிருக்க இயலாதவருக்கும், அந்த ஒரே காரை நம்பி முழுக் குடும்பமும் வாழும் வீட்டுக்கும் எனது பதில் வேண்டாம் என்பதே. இரண்டு ஆசனங்கள் மாத்திரமுள்ள வண்டியில் குழந்தையையும் துணையையும் ஒருங்கே வைத்தியசாலைக்குக் கொண்டுசெல்ல முடியாது. அந்தக் கணக்கில் பனிக்கு இடமே இல்லை.

1925 இல் அமெரிக்கர் 5 டொலர் மிச்சம் பிடித்துக்கொண்டு கூரைக்குள் புகுந்தனர். அவர்களை நான் குறை கூறமாட்டேன். ஆயினும் நூறு ஆண்டுகளாகியும் திறந்த கார் அழியவில்லை. ஆறு மாதம் வானம் மூடிக்கிடக்கும் நாட்டில் வாழ்பவனுக்கு, ஏப்ரல் மாதத்து முதல் வெயிலில் கூரையைத் திறந்து செல்வது பெரிய ஆறுதல் என்பதைப் பெற்றோரும் விளங்கிக்கொள்ளுதல் நன்று. பிள்ளைகளும், கூரையைப் பார்த்து மயங்குமுன் குனிந்து காரின் அடியைப் பார்த்தல் நன்று.